லடாக்கைப் படிப்பது எப்படி: மலைக்கு அப்பால் மனிதர்களும் பிழைப்பும்

லடாக் போகிறேன் என்று கிளம்பும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இப்போது நிறைய. பைக் வாடகை எவ்வளவு, மூச்சுத் திணறினால் என்ன செய்வது, எந்த ஏரிக்கரையில் கூடாரம் போடலாம், இதற்கெல்லாம் வழிகாட்டிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் எழுதுவது வேறொன்றுக்கு. அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன விளைகிறது, வீட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது, ஒரு எல்லைக்கோடு சாதாரண மனிதரின் அன்றாடத்தில் என்னவெல்லாம் செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக. ஆய்வேடு எழுதுகிறவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர், வெறும் ஆர்வத்தில் தேடுகிறவர், யாராக இருந்தாலும் சரி. பாதிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லடாக் காலங்காலமாக உலகத்திலிருந்து ஒதுங்கிக் கிடந்த இடம் என்ற எண்ணத்தோடு ஆரம்பித்தால் அதற்குப் பிறகு பார்ப்பதெல்லாம் கோணலாகத்தான் தெரியும். மலைகள் எப்போதும் இருந்தன, ஆட்கள் அவற்றைத் தாண்டிப் போய் வந்துகொண்டும் இருந்தார்கள். அந்த ஊர் முட்டுச்சந்தாக மாறியது 1947க்கும் 1962க்கும் இடையிலான 15 வருடத்தில், எல்லைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் தானாகவே பொருந்தி வரும்.

பழைய பாதையிலிருந்து ஆரம்பியுங்கள்

நாட்டு எல்லைகள் போடாத, மலையும் ஆறும் மட்டும் தெரிகிற வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லே நகரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், உயரம் சுமார் 3,500 மீட்டர். அதிலிருந்து வடக்கே நுப்ரா பள்ளத்தாக்கு வழியாக 5,540 மீட்டர் உயரத்தில் இருக்கும் காரகோரம் கணவாயைக் கடந்து, இன்று சீனாவின் சின்ஜியாங்கில் இருக்கும் யார்கந்து வரை ஒரு கோடு. கிழக்கே சிந்து நதியை எதிர்த்து ஏறி மேற்குத் திபெத்துக்கும் அங்கிருந்து லாசாவுக்கும் ஒரு கோடு. மேற்கே கார்கில் வரை ஒரு கோடு போட்டு அங்கே அதை இரண்டாகப் பிரியுங்கள், ஒன்று சோஜிலா கணவாய் ஏறி ஸ்ரீநகருக்கு, இன்னொன்று சிந்துவின் போக்கிலேயே இறங்கி, இன்று பாகிஸ்தான் வசமுள்ள ஸ்கர்டுவுக்கு. தெற்கே குலுவுக்கு ஒரு கோடு.

இந்தக் கோடுகளில் என்ன போனது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். யார்கந்திலிருந்து பட்டும் கம்பளங்களும் சரஸ் என்கிற கஞ்சாப் பிசினும் வந்தன. இந்தியப் பக்கத்திலிருந்து பருத்தித் துணி, மசாலா, அவுரிச் சாயம் போயின. திபெத்திலிருந்து உப்பும் தேயிலையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டின் அடிமயிரான பஷ்மும் வந்தன. காஷ்மீர் சால்வை அந்த மயிரில்தான் நெய்யப்பட்டது, அதனால் அதை யார் வாங்கலாம் என்பதே அரசியலாக இருந்தது. 1684இல் திபெத்துடன் செய்த திங்மொஸ்காங் ஒப்பந்தத்தில் மேற்குத் திபெத்தின் பஷ்ம் லடாக் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒரு பிரிவே உண்டு. 1834இல் ஜம்முவின் தளபதி ஜோராவர் சிங் லடாக்கின் மேல் படையெடுத்ததற்குப் பின்னாலும் அந்த வணிகத்தைக் கைப்பற்றும் ஆசை இருந்தது. எல்லைகள் ராணுவ வரைபடத்தில் பிறப்பதற்கு முன்னால் இப்படிச் சரக்கின் வழியில் பிறந்தவை, இதைப் பாடப்புத்தகங்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

இப்போது ஒவ்வொரு கோட்டின் மேலும் அது எப்போது அறுந்தது என்று எழுதுங்கள். ஸ்கர்டு வழி 1947, 48 போரில். யார்கந்து வழி 1949இல் சின்ஜியாங் சீனக் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள் போன பின் அடங்கிப்போனது. திபெத்து வழி 1950களில் தேய்ந்து, 1962 போரோடு முழுவதும் நின்றது. மிஞ்சியது ஸ்ரீநகர் பக்கமும் குலு, மணாலி பக்கமும்தான், இரண்டுமே குளிர்காலத்தில் பனி மூடுகிறவை. நான்கு திசையும் திறந்திருந்த ஊருக்கு வருடத்தில் பாதி நாள் எந்தத் திசையும் இல்லை என்று ஆகிவிட்டது. இந்த ஒரு படத்தை நீங்களே கையால் வரைந்து முடித்தால் பத்துப் புத்தகம் படித்ததற்குச் சமம் என்பேன்.

அந்தப் பழைய உலகத்தின் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம். நுப்ராவில் ஹுந்தர் மணல்மேட்டில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் இரட்டைத் திமில் ஒட்டகங்கள், யார்கந்து வணிகக் கூட்டங்கள் விட்டுப்போனவற்றின் வாரிசுகள். லே நகரில் அர்கோன் என்று அழைக்கப்படும் குடும்பங்கள் மத்திய ஆசிய, காஷ்மீர வணிகர்களுக்கும் லடாக்கிப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழிவந்தவர்கள். கார்கிலில் முன்ஷி அஜீஸ் பட் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு வணிகக் குடும்பத்தின் பழைய சத்திரத்தில் கிடந்த சரக்குகளை வைத்து அந்தக் குடும்பமே நடத்துவது. கார்கிலை இரவு தங்கிவிட்டு விடிந்ததும் ஓடுகிற ஊராக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதற்கு அரைநாள் கொடுங்கள்.

பச்சை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

அடுத்து செயற்கைக்கோள் படத்தைத் திறந்து சிந்து நதியின் ஓரமாக மெதுவாக நகருங்கள். எங்கும் பழுப்பு, நடுநடுவே சின்னச் சின்னப் பச்சைத் திட்டுகள். ஒவ்வொரு திட்டும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் பெரிய ஆற்றை ஒட்டி இருக்காது. பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஓடை ஒன்று இறங்கி வண்டலை விசிறி மாதிரி பரப்பிய இடத்தில் இருக்கும். சிந்து ஆழத்தில் ஓடுகிறது, அதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற முடியாது. மேலிருக்கும் பனிப்பாறையிலிருந்து வரும் ஓடையைத்தான் வாய்க்கால் வெட்டித் திருப்ப முடியும். லேயில் வருடம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர், சென்னையில் 1,400ஐ ஒட்டி வரும். ஆகவே அங்கே விவசாயம் என்றால் உருகும் பனி, வேறெதுவும் இல்லை.

அந்த வாய்க்காலுக்கு யூரா என்று பெயர், இரவில் தண்ணீர் சேர்த்து வைக்கும் சிறு குளத்துக்கு ஜிங். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து விடுகிறவர் சுர்போன். நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றும் நீராணிக்காரர் என்றும் இருந்தார்களே, அதே பொறுப்புதான். ஒரு கிராமத்தைப் புரிந்துகொள்ள நினைத்தால் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த ஆளைப் பற்றித்தான். இந்த வருடம் சுர்போன் யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், கூலி தானியமாகவா பணமாகவா, இளைஞர்கள் அந்த வேலைக்கு வருகிறார்களா? இந்த நாலு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் அந்த ஊரின் நிலைமை முழுக்க வெளியே வந்துவிடும்.

தண்ணீர் அளந்தபடி இருந்ததால் நிலம் அளந்தபடி, நிலம் அளந்தபடி இருந்ததால் குடும்பமும் அளந்தபடி. பௌத்த வீடுகளில் சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணப்பதும், இளையவன் மடத்துக்குப் போவதும் வழக்கமாக இருந்தன. சொத்து பிரியாது, வயல் துண்டாகாது. 1941இல் சட்டம் அதைத் தடைசெய்தது. மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றோர் காங்சென் என்கிற பெரிய வீட்டை அவனிடம் விட்டுவிட்டு காங்பு என்கிற சிறிய வீட்டுக்கு மாறிக்கொள்ளும் முறையும் உண்டு. கிராமத்தில் பெரிய வீட்டுக்கு அருகே சின்ன வீடு ஒன்று ஒட்டியோ தள்ளியோ நிற்பதைப் பார்த்தால் அது எதற்காக வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

உயரத்தையும் கூடவே குறித்துக்கொண்டு வாருங்கள். தாழ்வான ஷாம் பகுதி, கார்கில், துர்துக் பக்கம் சர்க்கரை பாதாமி மரங்கள், அதாவது வடக்கே குபானி என்று சொல்லும் ஏப்ரிகாட். லேயைச் சுற்றி பார்லி, கோதுமை, பட்டாணி. இன்னும் மேலே கிழக்கில் சாங்தாங் பீடபூமி, அங்கே பயிர் அநேகமாகக் கிடையாது, சாங்பா மேய்ப்பர்களும் ஆடுகளும் யாக்குகளும்தான். சில நூறு மீட்டர் ஏறினால் தொழிலே மாறுகிறது என்பதால் வரைபடத்தில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் உயரத்தை எழுதும் பழக்கம் மிக உதவும்.

பனி உருகும் காலமும் விதைக்கும் காலமும் பொருந்தாததுதான் அங்கே பெரிய கவலை. ஏப்ரல், மே மாதத்தில் விதைப்புக்குத் தண்ணீர் வேண்டும், உயரத்துப் பனிப்பாறை ஜூனுக்குப் பிறகுதான் தாராளமாக உருகும். இதற்காகத்தான் செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் கிராமத்துக்குப் பக்கத்திலேயே குளிர்கால நீரைத் தேக்கி உறைய வைக்கும் செயற்கைப் பனிப்பாறைகளைக் கட்டினார், பிறகு சோனம் வாங்சுக் கூம்பு வடிவ ஐஸ் ஸ்தூபிகளைக் கொண்டுவந்தார். இவற்றை அதிசயமாகப் படம் எடுப்பதைவிட, எந்த ஊரில் கட்டினார்கள், அடுத்தடுத்த வருடமும் யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்பது நல்லது.

எண்களை எடுக்கும்போது கொஞ்சம் நிதானம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்றைய லடாக் ஒன்றியப் பகுதிக்குள் வருகிறவர்கள் 2,74,289 பேர். லே மாவட்டம் 1,33,487, கார்கில் மாவட்டம் 1,40,802. இந்தியா நிர்வகிக்கும் பரப்பு 59,146 சதுர கிலோமீட்டர், அதனால் சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர்கூட இல்லை, தமிழ்நாட்டில் 555. இந்த ஐந்தை எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அது யாருடைய வாழ்க்கையையும் சொல்வதில்லை. ஆட்கள் இருப்பது அந்தப் பச்சைத் திட்டுகளிலும் லே, கார்கில் நகரங்களிலும்தான், லேயை ஒட்டிய சோக்லம்சரில் வீட்டுக்கு வீடு இடைவெளி தேட வேண்டியிருக்கும். பயிர் நிலத்துக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், நெரிசல் தெரியும்.

இன்னொரு எண் பாலின விகிதம். லேயில் 1,000 ஆண்களுக்கு 690 பெண்கள், கார்கிலில் 810. பெண் சிசுக்கொலை அதிகமோ என்று யாராவது முடிவுக்கு வந்துவிடுவார்கள். அப்படி இல்லை, ஆறு வயது வரையான குழந்தைகளின் கணக்கில் அந்தச் சரிவு காணப்படவில்லை. சரிந்ததற்குக் காரணம் ராணுவ வீரர்களும் சாலைபோட வந்த தொழிலாளிகளும். பனிப் பகுதிகளில் கணக்கெடுப்பு மற்ற இடங்களைப்போல 2011 பிப்ரவரியில் நடக்காமல் 2010 செப்டம்பரிலேயே நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த சாலைத் தொழிலாளிகள் ஊர் திரும்பாத மாதம் அது. இந்துக்கள் 12 சதவீதம் என்ற எண்ணிலும் பெரும்பங்கு இப்படி வெளியிலிருந்து வந்தவர்களே. எந்த எல்லைப் பகுதியைப் படித்தாலும் முதலில் ஆண், பெண் எண்ணிக்கையை எடுத்து வையுங்கள், படை இருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

லடாக் என்றாலே பௌத்தம் என்று நினைப்பதும் இங்கே உடையும். மொத்தத்தில் முஸ்லிம்கள் சுமார் 46 சதவீதம், பௌத்தர்கள் சுமார் 40. லே பக்கம் பௌத்தர்கள் அதிகம், கார்கிலில் ஷியா முஸ்லிம்கள் அதிகம், அந்தக் கணக்கெடுப்பில் கார்கில் மாவட்டத்துக்குள் இருந்த சான்ஸ்காரோ பௌத்தப் பகுதி. மொழியும் ஒன்றல்ல: லடாக்கி, புர்கி, பால்தி, ஷினா. பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள் லேயில் 71.8 சதவீதம், கார்கிலில் 86.9 சதவீதம். அந்தப் பட்டியலுக்குள்ளேயே மேடுபள்ளம் உண்டு என்பதையும் விட்டுவிடாதீர்கள். இசைக்கருவி வாசிக்கும் மோன், பேடா மக்களையும் கொல்லர்களான கர்ரா மக்களையும் மற்றவர்கள் தாழ்வாக நடத்திய வரலாறு இருக்கிறது, 'சாதி இல்லாத சமூகம்' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இதோடு சோக்லம்சரில் திபெத்திய அகதிகளின் குடியிருப்பும் இருக்கிறது.

காசு எந்த வழியாக வருகிறது

இதுதான் நிறைய நேரம் செலவிட வேண்டிய இடம். கிராமத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் பணம் வரும் வழிகளை மட்டும் எழுதுங்கள். அரசு வேலை ஒன்று இருக்கும், ஆசிரியரோ அலுவலக உதவியாளரோ. ஒருவர் லடாக் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவில் இருப்பார், அல்லது ஓய்வூதியம் வாங்குவார். கோடையில் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர். வீட்டின் ஓர் அறை விருந்தினருக்கு. வயலிலிருந்து வருவது இந்தப் பட்டியலில் கடைசியில்தான் இருக்கும், ஆனாலும் வயலை விட மாட்டார்கள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள், பொருளாதாரப் பதிலும் வரும், பொருளாதாரத்துக்குள் அடங்காத பதிலும் வரும்.

ராணுவத்தைத் தவிர்த்துவிட்டு லடாக்கின் பொருளாதாரம் எழுதவே முடியாது. சாலை போட்டது எல்லைச் சாலை அமைப்பு, விமானத்தளம் 1948இல் விமானப்படை அதிகாரி மேஹர் சிங் டகோட்டா விமானத்தை லேயில் இறக்கியதிலிருந்து படையோடு வளர்ந்தது. சுமை தூக்கும் வேலை, காய்கறி வாங்குவது, பால் வாங்குவது என்று கிராமங்களுக்கு நிச்சயமான வாடிக்கையாளர் படைதான். லேயில் இருக்கும் உயர்மலை ராணுவ ஆய்வு நிறுவனம் அந்தக் குளிரில் முட்டைக்கோஸும் தக்காளியும் விளைவிக்கும் முறைகளை விவசாயிகளுக்குக் கொடுத்தது, கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் படை அதை வாங்கியது. ஆகவே ஒரு ஊரின் வயலில் காய்கறி கூடுகிறதா பார்லி கூடுகிறதா என்பது பக்கத்தில் முகாம் இருக்கிறதா என்பதோடும் சேர்ந்தது.

பார்லி குறைந்ததற்கு இன்னொரு காரணம் ரேஷன் அரிசி. வறுத்த பார்லி மாவைத் தின்று வளர்ந்த ஊரில் மலிவு விலையில் அரிசியும் கோதுமையும் வந்து சேர்ந்தன. பசி போனது, அது பெரிய விஷயம், யாரும் அதைக் குறைத்துப் பேசக் கூடாது. கூடவே தன் நிலத்தில் விளைந்ததை நம்பி இருந்த ஒரு சமூகம் 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் லாரியை நம்பி இருக்கும் சமூகமாகவும் மாறியது. வயதானவர்களிடம் 'சின்ன வயதில் மார்ச் மாதத்தில் என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேளுங்கள். சேமிப்பெல்லாம் தீரும் மாதம் அது, மாற்றத்தின் அளவு அங்கே தெரியும்.

கடைத்தெருவுக்குப் போனால் பொருள்களின் மேலட்டையைப் படியுங்கள். எங்கே தயாரானது, எந்த வழியாக வந்தது, தக்காளி ஜூலையில் என்ன விலை பிப்ரவரியில் என்ன விலை? மேலே ஏறி வரும் லாரிகள் நிறைந்து வருகின்றன, இறங்கும்போது பெரும்பாலும் காலி. திரும்பும் லாரியில் ஏற்ற என்ன இருக்கிறது என்ற கேள்வி எந்த ஒதுங்கிய பகுதிக்கும் போடக்கூடிய நல்ல சோதனை. லடாக்கில் அதற்கான பதில் குறைந்த எடையில் அதிக விலை போகும் பொருள்கள்தான்: உலர்ந்த ஏப்ரிகாட், அதன் கொட்டை, பஷ்ம்.

பஷ்மின் கதையைத் தனியாக ஒரு பக்கத்தில் வரையுங்கள். சாங்தாங்கில் ஓர் ஆடு வருடத்துக்குத் தருவது சுமார் கால் கிலோ அடிமயிர், இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான். கோடைத் தொடக்கத்தில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். கரடுமுரடான மயிர் கலந்த அந்தக் கச்சாப் பொருளை வணிகர்கள் வாங்கிப் போய், பெரும்பாலும் காஷ்மீரில் சுத்தமாக்கி, நூற்று, நெய்து, சால்வையாக விற்றார்கள். மேய்ப்பருக்குக் கிடைத்தது முதல் கண்ணியின் விலை மட்டும். 2004இல் லேயில் மயிர் பிரிக்கும் ஆலை வந்தது, மேய்ப்பர்களின் கூட்டுறவு மூலம் அங்கேயே சுத்தப்படுத்த முடிந்தது, இப்போது லேயிலேயே நூற்று நெய்கிற பெண்களின் குழுக்களும் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் விலை எவ்வளவு ஏறுகிறது என்று நீங்களே விசாரித்து எழுதினால் அது எந்த அறிக்கையையும்விட மதிப்புள்ளது.

ஆனால் ஆடு மேய்க்க ஆள் குறைகிறது. சாங்தாங்கின் கர்னக் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் மந்தையை விற்றுவிட்டு லேக்கு அருகில் கர்னக்லிங் என்ற குடியிருப்பில் தங்கிவிட்டன. குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் பனி கொட்டினால் மந்தையே போகும், பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, மருத்துவர் இல்லை. 'நாகரிக மோகத்தில் போய்விட்டார்கள்' என்று எழுதுகிறவர்கள் ஒரு பிப்ரவரியை அந்தக் கூடாரத்தில் கழித்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

சுற்றுலாவும் இருக்கிறது. வெளியாருக்கு 1974இல் திறந்தார்கள், முதலில் சில நூறு பேர். 2022இல் வந்தவர்கள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள், உள்ளூர் மக்கள்தொகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பணம் லேயில் குவிகிறது, நுப்ராவுக்கும் பாங்காங் ஏரிப் பக்கத்துக்கும் கொஞ்சம் போகிறது, கார்கிலுக்கு மிகக் குறைவு. தண்ணீரை மட்டும் பின்தொடர்ந்தால் போதும், இதன் விலை புரியும். லடாக்கி வீட்டுக் கழிப்பறைக்குத் தண்ணீரே தேவையில்லை, மண்ணும் சாம்பலும் தூவுவார்கள், வசந்தத்தில் அது வயலுக்கு எரு. ஓட்டல்களில் தண்ணீர் ஊற்றும் கழிப்பறை வந்தது, அதற்கு ஆழ்துளைக் கிணறு வந்தது, கழிவு மண்ணுக்குள் இறங்குகிறது. 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில். நீங்கள் தங்கும் இடத்தில் உலர் கழிப்பறை இருந்தால் முகம் சுளிக்காமல் அதையே பயன்படுத்துங்கள்.

பாதைக் காலண்டர் ஒன்று போடுங்கள்

12 மாதத்தையும் கட்டம் கட்டி, எந்தப் பாதை எப்போது திறந்திருக்கும் என்று நிறம் தீட்டுங்கள். சோஜிலா 3,528 மீட்டர்தான், ஆனாலும் பனி அதிகம் விழும் கணவாய் என்பதால் முன்பெல்லாம் ஐந்தாறு மாதம் மூடியிருக்கும், சமீப வருடங்களில் பனி அகற்றும் வேகத்தால் ஓரிரு மாதமாகச் சுருங்கியிருக்கிறது. மணாலி வழியில் 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் கணவாயைத் தவிர்த்தாலும் அதற்கு மேலுள்ள கணவாய்கள் இன்னும் பனிக்குள்தான். சான்ஸ்காருக்கு நிம்மு, பதும், தார்ச்சா சாலை. அதற்கு முன்னால் குளிர்காலத்தில் சான்ஸ்கார் ஆறு உறைந்த பிறகு அந்தப் பனிப்பலகை மேலேயே நடந்து லேக்கு வந்தார்கள். சோஜிலாவிலும் ஷிங்கு லாவிலும் சுரங்கப் பாதை வேலை நடக்கிறது.

காலண்டரின் அடியில் விமானத்துக்கு ஒரு வரிசை. லேக்குக் குளிர்காலத்திலும் பயணிகள் விமானம் உண்டு, கார்கிலில் ஓடுதளம் இருந்தும் வழக்கமான பயணிகள் விமானச் சேவை இல்லை. லேக்கும் கார்கிலுக்கும் இடையிலுள்ள மனக்கசப்பில் பாதிக்கு இந்த வரிசையிலேயே காரணம் கிடைக்கும். நோயாளி யார் வெளியே போக முடிந்தது, மாணவர் யார் தேர்வுக்குப் போக முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லை ஊர்களை ஒன்றாகப் போட்டு எழுதாதீர்கள்

பாகிஸ்தான் பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கோடு ஒருவகை, சீனப் பக்கத்துக் கோடு வேறுவகை. துர்துக், தியாக்ஷி, சலுங்கா, தாங் என்ற பால்தி ஊர்கள் 1971 டிசம்பர் போரில் இந்தியப் பக்கம் வந்தன. இரவு ஒரு நாட்டில் தூங்கி இன்னொரு நாட்டில் எழுந்தவர்கள், அன்று வேலைக்கோ படிப்புக்கோ ஸ்கர்டு பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். வெளியாருக்கு துர்துக் திறந்தது 2010இல். கார்கிலுக்கு மேலே ஹுந்தர்மனிலும் இதே கதை, ஊர் விட்டுப்போன பழைய கல்வீடுகளில் சிறிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கார்கில், ஸ்கர்டு சாலையைத் திறங்கள் என்ற கோரிக்கை இந்தக் குடும்பங்களின் கோரிக்கை.

சீனப் பக்கம் கோடு தரையில் தெளிவாக இல்லை, மேய்ச்சலின் பழக்கம்தான் உரிமையைச் சொல்லி வந்தது. 2020 ஜூனில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள், அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. நம் ஊர்களில் பலருக்கு கல்வான் என்ற பெயர் தெரிந்ததே அப்போதுதான். அதற்குப் பிறகு படைகள் விலகி நின்றபோது நடுவில் யாரும் போகக்கூடாத பகுதிகள் உருவாகின, சுஷுல் பக்கத்து மேய்ப்பர்கள் குளிர்கால மேய்ச்சல் நிலத்தை இழந்தோம் என்று சொல்லி வருகிறார்கள். இன்னொரு பக்கம் பாங் அருகே 13 கிகாவாட் சூரிய, காற்று மின் திட்டத்துக்கு மேய்ச்சல் சமவெளி தேவைப்படுகிறது. ஆடு மேய்க்கும் வரைபடம் ஒன்றை வரைந்து இவை இரண்டையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

நிலத்தின் மேல் யாருக்கு உரிமை என்பதே இப்போதைய அரசியலும். 2019 அக்டோபர் 31இல் ஒன்றியப் பகுதி ஆனபோது லே கொண்டாடியது, கார்கில் எதிர்த்தது. நில, வேலைப் பாதுகாப்பு போய்விட்டது என்று உணர்ந்ததும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மாநில அந்தஸ்தும், பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையும் கேட்கத் தொடங்கின. 2025 செப்டம்பர் 24இல் லேயில் போராட்டம் வன்முறையாகி 4 பேர் இறந்தார்கள். இதைப் படிக்காமல் அங்கே போய் 'எவ்வளவு அமைதியான ஊர்' என்று சொல்வது அவர்களுக்கு வலிக்கும்.

போய்ப் பேசுகிறீர்கள் என்றால்

அனுமதிச் சீட்டு விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் லே நிர்வாகத்தின் தளத்தில் பாருங்கள். முதல் இரண்டு நாள் லேயில் உடம்பைப் பழக்குங்கள், அந்த நேரத்தில் மத்திய ஆசிய அருங்காட்சியகத்தையும் கடைத்தெருவையும் நடந்தே பார்த்துவிடலாம். எல்லை ஊரில் முகாமையோ பாலத்தையோ படம் எடுக்காதீர்கள், படை நடமாட்டம் பற்றி ஊர்க்காரரிடம் கேட்காதீர்கள். நீங்கள் போய்விடுவீர்கள், விசாரணை அவரைத்தான் தேடி வரும். ஜூலை, ஆகஸ்டில் யாருக்கும் பேச நேரமில்லை, முடிந்தால் அறுவடைக்குப் பிறகு அக்டோபரில் போங்கள். அப்போதுதான் குளிர்காலத்துக்கு விறகும் காய்ந்த காய்கறியும் சேர்ப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சாலையோரக் கூடாரத்துத் தொழிலாளியிடமும் பேசுங்கள். ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வந்தவரிடம் இந்தியில் நாலு வார்த்தை போதும், அவர் இல்லாமல் இந்தப் பாதைக் காலண்டரே கிடையாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லடாக் போன்ற பனிப் பகுதிகளுக்குக் கணக்கு நாள் 2026 அக்டோபர் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த எண்கள் வந்ததும் நான் முதலில் பார்க்கப்போவது மூன்று: லேயின் பாலின விகிதம் 690இலிருந்து எங்கே போகிறது, சாங்தாங் கிராமங்களில் ஆள் மிஞ்சியிருக்கிறார்களா, துர்துக் போன்ற ஊர்களில் சுற்றுலா வந்த பிறகு இளைஞர்கள் நின்றார்களா போனார்களா. 2011 கிராமவாரிப் பட்டியலை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட அதுதான் தேவைப்படும்.